சேலையில் வாடிய கொழுந்து

ஐந்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுக்குப் பெஞ்சு இழுத்துக் கட்டிய சேலைகள். பூப்போட்ட நைலக்ஸ், சாயம் போன வாயில், நடுவில் ஒருத்தி மனசாரக் கொடுத்த அரக்கு நிறக் கல்யாணப் பட்டு. ஒவ்வொன்றின் மேலும் விரல் கனத்துக்குப் பரப்பிய பச்சைத் தேயிலைக் கொழுந்து. சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. மஞ்சூர்ப் பக்கத்து மலைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போகும்போது சேலைகள் லேசாக உப்பித் தணிகின்றன. தேயிலைப் பேக்டரியில் டீ மேக்கராகவே தலை நரைத்தவன் நான். கொழுந்தை அப்படி ஒரு இடத்தில் வாடப்போட்டு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. 

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரன். கோபக்காரன் என்று தோட்டம் முழுக்கப் பேர் வாங்கியவன். பேர் ஒன்றும் பொய்யில்லை. தோட்டத்தில் பறித்த பச்சைக் கொழுந்தைக் காற்றில் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, சூட்டில் காயவைத்துத் தேயிலைத் தூளாக்குவது என் வேலை. கொழுந்தில் முற்றின இலை ஒன்று கண்ணில் பட்டாலும் கத்துவேன். கூடையில் அமுக்கி அடைத்துக் கொண்டுவந்தால் இன்னும் கத்துவேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள், ஒருவரைத் தவிர. அவர்தான் கங்காணியம்மா.

கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வை பார்க்கிறவரை இந்த மலையில் மேஸ்திரி என்பார்கள். இவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர். அங்கே வழங்கிய ‘கங்காணி’ என்ற சொல்லையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை ‘லயம்’ என்பார். திட்டுவதை ‘ஏசுறது’ என்பார். ஒல்லியான உருவம், கணீர்க் குரல். இந்த மேட்டில் நின்று பேசினால் எதிர் மேட்டில் பறிக்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். நான் கத்தி முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். முடித்ததும், “ஏசி முடிச்சிட்டீங்களாய்யா? இப்ப நிறுத்துப் போடச் சொல்லுங்க” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் என் கோபமெல்லாம் கேலியாகிவிடும். மனசுக்குள் அவரை எனக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

எங்கள் தோட்டத்தில் செடிக்கு மருந்தடிக்கிற ஒருவர் இருந்தார். சாது. மழைக்காலத்தில் தேயிலையில் கொப்புள நோய் வரும். அதற்குச் செம்பு கலந்த நீல மருந்தைத் தெளிப்பார்கள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மழைவிட்ட நேரமெல்லாம் அவர் அந்த நீலத்தைத் தெளித்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. எல்லாருக்கும் அவள் பாப்பா. வாயாடி. பேக்டரி வாசலில் என்னைக் கண்டால், “கோவக்கார ஐயா, இன்னிக்கு யாரத் திட்டினீங்க?” என்று கேட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பிள்ளைக்கு முதலில் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் நழுவியது. எழுத்து கோணியது. வாத்தியார் சோம்பேறித்தனம் என்று நினைத்து முட்டிபோட வைத்தார். பிறகு பேச்சு குழறியது. வாயோரம் எச்சில் வழிந்தது. கயிறு கட்டிப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள். ஊட்டியில் காட்டிய டாக்டருக்கும் என்னவென்று பிடிபடவில்லை. ஒரு நாள் அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் புரியவில்லை. அவள் அழுதாள். 

என் தம்பி வீடு கோயமுத்தூரில் இருந்ததால் அப்பாவையும் மகளையும் நான்தான் அழைத்துப்போனேன். அங்கே ஒரு டாக்டர் பாப்பாவின் கண்ணில் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. சாப்பாட்டில் இருக்கிற செம்புச் சத்து வெளியே போகாமல் ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிற நோய் என்றார். லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதாம். செம்பை உடம்பிலிருந்து வெளியேற்ற மாத்திரை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், விலை அதிகம், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார். உடனே ஆரம்பித்தால் பேச்சும் நடையும் திரும்பும், தாமதித்தால் உயிருக்கே உறுதி சொல்ல முடியாது என்றார். அப்பாக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், நான் தோட்டத்துல மருந்தடிக்கிறவன். அதும் செம்பு மருந்துதாங்க. என் கையிலிருந்துதான் பிள்ளைக்குப் போச்சுங்களா?”

இல்லவே இல்லை, இது அப்பா அம்மா இரண்டு பேர் ரத்தத்திலும் சேர்ந்து பிறப்பிலேயே வருவது என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அவர் தலையாட்டினார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது மகளை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டார். சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி அவர் கை வெந்துபோயிற்று. லைனில் ஒவ்வொரு வீட்டிலும் செம்புக் குடத்தை எடுத்துப் பரண்மேல் போட்டார்கள். ஒருவர் செம்பு மோதிரத்தைக் கழற்றி ஓடையில் எறிந்தார். சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்று யாருக்கும் சிரிக்கிற மனசில்லை.

கங்காணியம்மா மட்டும் குடத்தைப் பரணில் போடவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்த் துரையின் முன்னால் நின்றார். மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். இலங்கைத் தோட்டங்களில் கைக்காசு என்று ஒரு வழக்கம் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேலைநாளல்ல. அன்று விருப்பப்பட்டவர்கள் வந்து கொழுந்து பறிப்பார்கள், நிறுத்துப் பார்த்து உடனே கையில் காசு கொடுத்துவிடுவார்கள். அது போல ஒரு ஞாயிறு பறிக்கிறோம், எங்களுக்குக் காசு வேண்டாம், அந்தக் கொழுந்தில் வருகிற தேயிலையை விற்றுப் பாப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. துரை நல்ல மனிதர். யோசித்துவிட்டு, விற்று வருகிற பணம் முழுவதும் குழந்தைக்கு என்றார். ஆனால் தேயிலை தரமாக இல்லாவிட்டால் தோட்டத்தின் பேரில் ஏலத்துக்கு அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

“டீமேக்கரய்யா, வர்ற ஞாயித்துக்கெழம கைக்காசு போடுறோம். பேக்டரியத் தயாரா வச்சிருங்க.”

“எத்தனை பேர் வருவாங்க?”

“வர்றவங்க வருவாங்க.”

“ஏனம்மா, ஞாயித்துக்கெழமை ஊட்டுல கறி ஆக்கறத உட்டுப்போட்டு ஆரு வருவாங்க? பத்துப் பேர் வந்தாப் பெருசு.”

அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார். இங்கேதான் நான் செய்த தப்பு வருகிறது. கொழுந்தை வாட்டுவதற்கு எங்கள் பேக்டரியில் நீளமான தொட்டிகள் இருந்தன. அடியில் கம்பிவலை, ஒரு முனையில் பெரிய விசிறி. அந்த விசிறிகளைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மசகு போடும் வேலை பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அதற்குத் தோது. பத்துக் கூடைக் கொழுந்துக்கு ஒரு தொட்டி போதும் என்று முடிவு பண்ணி, மற்ற விசிறிகளையெல்லாம் சனிக்கிழமை சாயந்திரமே பிரித்துப் போட்டுவிட்டு, மெக்கானிக்கையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன். அந்த மகராசியின் பேச்சை நான் மதிக்கவில்லை. எனக்குத் தெரியாத தோட்டமா என்ற திமிர்தான், வேறென்ன.

ஞாயிறு காலையில் மேட்டில் ஏறிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். லைனில் ஒரு வீட்டில்கூட அடுப்புப் புகையில்லை. பறிக்கிற பெண்கள் மட்டுமல்ல, கிழவர்கள், டிரைவர்கள், ஆபீஸ் கிளார்க் எல்லாரும் செடி வரிசைக்கு நடுவே நிரையில் நின்றார்கள். மஞ்சூர் பஜாரிலிருந்து கடைகளைச் சாத்திவிட்டு மளிகைக்கடைக்காரரும், துணிக்கடைப் பாயும், தையல்காரர்களும் வந்திருந்தார்கள். பக்கத்துப் படுகர் ஊரான ஹட்டியிலிருந்து சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கிற விவசாயிகள் குடும்பத்தோடு வெள்ளை முண்டு கட்டி இறங்கி வந்தார்கள். ஹட்டிப் பெண்களின் கை வேகத்தைப் பார்த்து எங்கள் பெண்களுக்கு ரோஷம் வந்து, பறிப்பு போட்டிபோல் ஆகிவிட்டது. பஜார்க்காரர்கள் பறித்த அழகைத்தான் சொல்ல வேண்டும். இரண்டிலை ஒரு மொட்டு பறிக்கவேண்டிய இடத்தில் கிளையோடு ஒடித்துக் கூடையை நிரப்பிக்கொண்டு வந்து பெருமையாக நின்றார் மளிகைக்கடைக்காரர். கங்காணியம்மா கூடையைக் கவிழ்த்தார்.

“மொதலாளி, இது கொழுந்து இல்லீங்க. ஆட்டுக்குப் போடுற தழ. ஒங்க கடப் பருப்பில நீங்க கல்லுப் பொறுக்குவீங்கள்ல, அது மாதிரி இதப் பொறுக்கி எடுங்க.”

அவர் கடைப் பருப்பில் கல் கிடப்பது ஊரறிந்த விஷயம். மேடு முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே சப்பணம் போட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்து பறிக்கத் தெரியாத எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து முற்றிலையையும் காம்பையும் பிரித்தார்கள்.

பாப்பாவின் அப்பா மட்டும் நிரைக்கு வராமல் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தள்ளி நின்றார். தன் கை அந்தக் கொழுந்தில் படவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கங்காணியம்மா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். அந்தக் குரலுக்கு ரகசியம் பேசத் தெரியாது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“ஒன் கையாலதான் இந்தச் செடியெல்லாம் கொப்புளம் வராம நிக்கிது. நீ மருந்தடிச்ச செடியிலதான் நாங்க இத்தன வருசமாச் சோறு திங்கிறோம். எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஒம் புள்ளைக்கு மட்டும் ஒன் கை வெசமாப் போச்சா? நீ பறிக்காத கொழுந்துல மருந்து வாங்கினா அது அவளுக்குப் புடிக்காது. வா.”

அவர் அழுதார். அழுதுகொண்டே கூடையை மாட்டிக்கொண்டார். மருந்தடிக்கிறவர்தானே, பறித்துப் பழக்கமில்லை. ஆனால் ஒவ்வொரு கொழுந்தாக, அரும்பு எடுக்கிற மாதிரி எடுத்தார். அவர் கூடையில் ஒரு முற்றிலைகூட இல்லை. நானே பார்த்தேன்.

மதியத்துக்குள் கொழுந்து வண்டி வண்டியாகப் பேக்டரிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு தொட்டி ஓடுகிறது. மற்ற விசிறிகளின் இறக்கைகள் தரையில் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து அழைத்துவர மறுநாளாகிவிடும். பச்சைக் கொழுந்தைக் குவித்துப் போட்டால் தன்னாலே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் எந்த ராஜாவும் தேயிலை செய்ய முடியாது. ஒரு கூடைக்குள் கையை விட்டேன், அப்போதே கதகதப்பு தெரிந்தது. என் தப்பு என்று தெரிந்தவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும்.

“ஆரைக் கேட்டு இத்தனை பறிச்சீங்க? இதைய எங்க கொண்டுபோய்க் கொட்டறது? எல்லாம் வீணாப் போகுது பாருங்க” என்று கங்காணியம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் விசிறிகள் பிரிந்து கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திருப்பிக் கத்த அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. கூட்டம் முழுக்க அவருக்குப் பின்னால் நின்றது. அவர் நினைத்திருந்தால் அன்றோடு என் மானம் போயிருக்கும்.

“ஏசறத அப்புறம் வச்சிக்குவோம்யா” என்றார். “அங்க இலங்கையில எங்க பழைய பேக்டரியில காத்தாடி எங்க இருந்திச்சி? மாடி பூரா சாக்குத்துணிய இழுத்துக் கட்டி, அதுமேலதான் கொழுந்து போடுவாங்க. ஜன்னலத் தொறந்தாக் காத்து. காத்துக்கு இங்க என்ன பஞ்சமா?”

எனக்குப் பொறி தட்டியது. ஆனால் எங்களிடம் இருந்த சாக்கெல்லாம் உரச்சாக்கு. தேயிலை அடுத்த பொருளின் வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். உர வாசம் ஏறினால் அதோடு போச்சு. அதைச் சொன்னதும் அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். “லயத்துல தொவச்ச சேல இருக்குல்ல, எல்லாத்தையும் எடுத்தாங்க” என்றார். கோடை விடுமுறை என்பதால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. பெஞ்சுகளை வரிசையாக நிறுத்தி, குறுக்கே சேலைகளை இழுத்துக் கட்டினார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு சேலையையும் மோந்து பார்த்தேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பவுடர் வாசம் அடித்ததைத் திருப்பி அனுப்பினேன். சோப்பு வாசம் போகாததைத் திருப்பி அனுப்பினேன். அந்த மாதம்தான் கல்யாணமாகி வந்த ஒரு பெண் தன் அரக்குப் பட்டை நீட்டினாள். அதில் அந்துருண்டை வாசம். வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. கங்காணியம்மா அதை வாங்கி, மேட்டில் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும் வரை நின்றார். பிறகு கொண்டுவந்து, “இப்ப மோந்து பாருங்கய்யா” என்றார். காற்று வாசம் மட்டும்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு அறையின் நடுவில் அதைக் கட்டினோம்.

பள்ளிக்கூடம் நிறைந்ததும் கோயில் மண்டபத்தில் கட்டினோம். அதுவும் நிறைந்ததும், துணிக்கடைப் பாய் ஆளை அனுப்பிக் கடையிலிருந்து புதுக் காடாத்துணி பீஸ்களை எடுத்துவரச் செய்தார். கொழுந்தை உதறி உதறிப் பரப்புவது எப்படி என்று நான் காட்டிக் கொடுத்தேன். எல்லாரும் என் சொற்படி கேட்டார்கள். வழக்கமாகச் சாயந்திரம் இறங்குகிற பனிமூட்டம் அன்று இறங்கவில்லை, சாமி புண்ணியம்.

திங்கட்கிழமை காலையில் போய் ஒரு கை கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். பதமாக வாடிய கொழுந்து உருண்டையாகப் பிடிபடும், கையைத் திறந்தால் சட்டென்று பிரியாது. பிரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பழுத்த பழம் போல வாசம். என் தொட்டிகளில் அத்தனை வருஷம் வாட்டியும் அந்த வாசத்தை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். வெளியே வாசற்படியில் லைன் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த உருண்டையை அவர்கள் பக்கம் நீட்டிக் காட்டினேன். கங்காணியம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “சரி, தூக்குங்கடி” என்றார்.

அந்தத் தேயிலை குன்னூர் ஏலத்துக்குப் போயிற்று. அந்த வாரம் எங்கள் தோட்டத்துச் சரக்கிலேயே அதற்குத்தான் நல்ல விலை. வாங்கினவர் ஒருவர் துரைக்கு போன் பண்ணி, புது மெஷின் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டாராம். துரை அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல தேயிலை அதுதான், அதைச் செய்யவைத்தது இன்னொருவர் என்பதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மருந்து வந்தது. முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நடுக்கம் இன்னும் கூடியதுபோலக்கூட இருந்தது. லைனில் பேச்சு மாறியது. அத்தனையும் வீண் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கங்காணியம்மா தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அந்த வீட்டுக்குப் போய், பாப்பா வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போவார். மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு சாயந்திரம், லைன் முற்றத்தில் நான் பாப்பாவின் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பாப்பா உள்ளேயிருந்து டம்ளர் நிறையத் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறிப்போகுதுப்பா, குடிங்க” என்று அதட்டினாள் பாப்பா.

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மகளை வாரி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு லைன் முழுக்க நடந்தார். வீட்டுக்கு வீடு நின்று, “பேசு பாப்பா, அத்தைக்குப் பேசிக் காட்டு” என்றார். நான் பேக்டரிக்குத் திரும்பிப்போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று அழுதேன்.

மாத்திரை ஒரு வருஷத்தோடு தீருவதில்லையே. அதனால் ஆண்டுதோறும் கோடையில் ஒரு ஞாயிறு, எங்கள் தோட்டத்தில் கைக்காசு போட்டார்கள். பாப்பா ஞாயிறு என்றே அதற்குப் பேராகிவிட்டது. அதற்குப் பிறகு விசிறியைப் பிரிக்க நான் கனவிலும் நினைத்ததில்லை. மளிகைக்கடைக்காரர் இரண்டிலை ஒரு மொட்டுப் பறிக்கப் பழகிவிட்டார். பாப்பா வளர்ந்து சொந்தமாகச் சம்பாதிக்க ஆரம்பித்த வருஷம், இனிமேல் வேண்டாம் என்று அவளே வந்து கைகூப்பிச் சொன்னாள். அந்த ஞாயிறும் எல்லாரும் வந்தார்கள். அந்தத் தடவை வந்த பணத்தைக் கூடலூர்ப் பக்கத்தில் வேறொரு பிள்ளைக்கு அனுப்பினார்கள்.

பாப்பா இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறாள். சிறு விவசாயிகளின் கொழுந்தைச் சேகரித்துப் பேக்டரிகளுக்குக் கொண்டுபோகும் தொழில், சொந்த வண்டி. இரண்டு பிள்ளைகள். மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. போன மாதம் அவளுக்குக் கோயமுத்தூரில் வழக்கமான பரிசோதனை. கங்காணியம்மாவுக்கும் அங்கே கண் ஆபரேஷன். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். கெத்தை வழியாக இறங்கினோம். அந்தப் பாதையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், எந்த வளைவில் யானை நிற்கும் என்று சொல்ல முடியாது. நான் சன்னலோரம் உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது.

“ஏனுங்கய்யா, கண்ணத் தொறந்து வெளியில பாருங்க. நல்லா இருக்குதுங்க” என்றாள் பாப்பா, சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல். ஸ்டீயரிங்மேல் அவள் கைகள் அசையாமல் இருந்தன.

எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கங்காணியம்மாவை எழுப்பி, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் முதல் வளைவிலேயே பாப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டார். காரமடை வரும் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டுத் தூங்கினார்.